வெள்ளையா, நாட்டா, வாத்தா, காடையா? எங்க முட்டை கடைல தெனமும் கேக்குற கேள்விங்க

தண்டையார்பேட்டைல எங்க மாமனார் ஆரம்பிச்ச கடை. அப்போ வெறும் வெள்ளை முட்டை மட்டும்தான், இப்போ நாட்டுக்கோழி, வாத்து, காடை, எப்பவாச்சும் வான்கோழி, கினிக்கோழின்னு எல்லாம் வந்து எறங்குது. நான் காலேஜ்ல நியூட்ரிஷன் படிச்சவ, ஆஸ்பத்திரில டயட்டிஷியனா ஒக்காரணும்னு ஆசை, கடைசில கல்லாப்பெட்டி முன்னாடி ஒக்காந்துட்டேன், ஆனா கேள்வி என்னமோ அங்க வர்ற மாதிரியேதான் வருது. ஒரு ட்ரே முட்டையை கைல வச்சிகினு பின்னாடி நாலு பேர் நிக்கும்போது கொலஸ்ட்ரால் பத்தி விளக்கமா கேப்பாங்க. அதான் ஒரே தடவையா எழுதி வச்சிட்டா கேக்குறவங்களுக்கு போன்ல அனுப்பிடலாம்னு ஒக்காந்தேன். கீழ சொல்ற கணக்கெல்லாம் ஓடு நீக்கின எடைக்கு, சராசரியா, முட்டைக்கு முட்டை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

எந்த முட்டைல சத்து ஜாஸ்தி? ஒரே வார்த்தைல சொல்லுக்கா.

ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுப்பா. 100 கிராமுக்கு புரோட்டீன் பாத்தா கோழி முட்டைல பன்னெண்டரை கிராம், வாத்துல 12.8, காடைல 13, வான்கோழில 13.7, பெரிய வாத்து இருக்கே, கூஸ்னு சொல்றது, அதுல 14 கிட்ட. பாத்தீங்களா, எல்லாம் ஒன்னு பக்கத்துல ஒன்னு நிக்குது, இந்த வித்தியாசத்துக்காக பஸ் ஏறி போயி வாங்குறதுக்கு ஒன்னுமில்ல. நெஜமான வித்தியாசம் சைஸ்லயும் மஞ்சக்கரு எவ்ளோ பெருசுன்றதுலயும்தான் இருக்கு. கோழி முட்டை 50 கிராம், அதுல 6 கிராம் புரோட்டீன், 70 கலோரி சொச்சம். வாத்து முட்டை 70 கிராம், புரோட்டீன் 9, கலோரி 130. காடை முட்டை வெறும் 9 கிராம், புரோட்டீன் ஒரு கிராமுக்கு கொஞ்சம் மேல, கலோரி 14. அதாவது அஞ்சு காடை முட்டை சேந்தாதான் ஒரு கோழி முட்டை. இந்த ஒரு கணக்கை மனசுல வச்சிகினாலே பாதி விளம்பரம் புஸ்ஸுனு போயிடும்.

எல்லா முட்டைலயும் பொதுவா இருக்குறது நல்ல தரமான புரோட்டீன், பி12, கோலின், வைட்டமின் ஏ, கொஞ்சம் வைட்டமின் டி, செலினியம். எந்த முட்டைலயும் சுத்தமா இல்லாதது ரெண்டு, நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும். அதனால முட்டை மட்டும் துன்னுட்டு காய்கறி வேணாம்னு சொல்ற பசங்களுக்கு நான் சப்போர்ட் பண்ண மாட்டேன்.

அப்போ நாட்டுக்கோழி முட்டை ஏன் அவ்ளோ விலை? சத்து டபுள்னு சொல்றாங்களே?

விலை சத்துக்கு இல்ல, அந்த கோழியோட பழக்கத்துக்கு. வீட்டு கோழி பத்து பன்னெண்டு முட்டை வுடும், அப்புறம் அடைக்கு ஒக்காந்துடும், வருஷத்துக்கு அறுவது எழுவது முட்டை வுட்டாலே பெரிய விஷயம். பண்ணைல முட்டைக்குன்னே வளக்குற வெள்ளை லேயர் கோழி வருஷத்துக்கு 300க்கு மேல வுடும். சரக்கு கம்மி, கேக்குறவங்க ஜாஸ்தி, அவ்ளோதான். நாட்டு முட்டை சைஸும் சின்னது, 40 கிராம் பக்கம்தான் வரும், அதனால ஒன்னுக்கு ஒன்னு பாத்தா புரோட்டீன் வெள்ளை முட்டையை விட ஒரு கிராம் கம்மியாதான் இருக்கும், யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க.

நாட்டு முட்டைக்காக ஒன்னு சொல்லணும்னா, வெயில்ல மேஞ்சு புழு பூச்சி பச்சிலை துன்ற கோழியோட முட்டைல ஒமேகா 3, வைட்டமின் டி ரெண்டும் கொஞ்சம் கூட இருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா அது மேய்ச்சலை பொறுத்தது, கோழி ஜாதியை பொறுத்தது இல்ல. கொருக்குப்பேட்டை சந்துல ரெண்டு வீட்டுக்கு நடுவுல சாக்கடை ஓரம் பழைய சோத்தை பொறுக்குற கோழியும் நாட்டுக்கோழிதான், அது எந்த பச்சிலையை கண்டுச்சு சொல்லுங்க. ருசி வேற விஷயம். எங்க ஆயா ரெண்டையும் கண்ணை மூடிகினு துன்னு கரெக்டா சொல்லும்னு பந்தயம் கட்டும், நான் இன்னும் டெஸ்ட் பண்ணி பாக்கல, தோத்துட்டா வீட்ல நிம்மதி போயிடும்.

கைல காசு கம்மியா இருந்தா என் ஓட்டு வெள்ளை முட்டைக்குதான். ஒரு நாட்டு முட்டை காசுல ரெண்டு, சில நேரம் மூணு வெள்ளை முட்டை வரும். புள்ளைக்கு வாரத்துல ஒரு நாள் நாட்டு முட்டை குடுக்குறதை விட தெனம் ஒரு வெள்ளை முட்டை குடுக்குறது எவ்ளோ மேல்.

மஞ்சக்கரு நல்லா ஆரஞ்சா இருந்தா சத்து ஜாஸ்திதானே?

இல்ல. கலர் தீனில இருந்து வருது. மக்காச்சோளம், பச்சை தழை, இப்டி சாந்தோஃபில்னு சாயப் பொருள் இருக்குற தீனி துன்னா மஞ்சக்கரு கலர் ஏறும், தீனில கலந்தே கலர் ஏத்தவும் முடியும். கண்ணுக்கு நல்லதுன்னு சொல்ற லூட்டீன் இந்த சாய கூட்டத்துல ஒன்னு, அதனால கொஞ்சம் நன்மை இருக்கலாம், ஆனா புரோட்டீனுக்கும் கலருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

ஓடு பிரவுனா இருந்தா நாட்டு முட்டைதானே?

இங்கதான் ஏமாறுறாங்க. ஓட்டு கலர் கோழியோட ரத்தத்துல இருக்குற விஷயம், சத்து விஷயம் இல்ல. பண்ணைல வளக்குற சில லேயர் கோழிங்களே பிரவுன் முட்டை வுடும், அது பெருசா ஒரே சைஸா அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். நெஜ நாட்டு முட்டை ஒரு ட்ரேல பாருங்க, ஒன்னு வெளிர் பழுப்பு, ஒன்னு கிரீம், ஒன்னு கிட்டத்தட்ட வெள்ளை, ஒன்னு சின்னது ஒன்னு நீட்டு, பள்ளிக்கூட பிரேயர்ல பசங்க நிக்குற மாதிரி ஏத்த எறக்கமா இருக்கும்.

எனக்கே ஒரு தடவை நடந்துச்சு. ஒருத்தர் புதுசா சரக்கு போட்டாரு, நாட்டு முட்டைன்னு அஞ்சு ட்ரே, விலையும் கொஞ்சம் கம்மி, நானும் வாங்கிட்டேன். மறுநாள் ஒரு ஆயா வந்து, இன்னாம்மா உன் முட்டையை சட்டில போட்டா தண்ணி டீ மாதிரி ஆவுதுன்னு கேட்டுச்சு. ஈர துணில ஒன்னை தேச்சேன், துணி பழுப்பு, முட்டை வெள்ளை. டிகாஷன்ல போட்டு எடுத்த வெள்ளை முட்டை! அஞ்சு ட்ரேயும் வெள்ளை ரேட்டுக்கு வித்தேன், அந்த ஆளு அதுக்கப்புறம் இந்த பக்கமே வரல. சந்தேகம்னா நீங்களும் கொஞ்ச நேரம் தண்ணில ஊற வச்சு தேச்சு பாருங்க, நெஜ கலர் வெறும் தண்ணிக்கு இப்டி கரைஞ்சு ஓடாது.

வெள்ளை முட்டை பிராய்லர் முட்டைதானே, ஊசி போட்டு வுட வைக்குறாங்களாமே?

பிராய்லர்ன்றது கறிக்கு வளக்குற கோழி, அது முட்டை வுடுற வயசு வர்றதுக்குள்ள சட்டிக்கு போயிடும். நீங்க வாங்குறது லேயர் கோழி முட்டை. பெரும்பாலும் நாமக்கல்லுல இருந்து லாரில வருது, ஒரு பெட்டிக்கு 210, ஒரு ட்ரேக்கு 30. அந்த வெள்ளை கோழியோட பூர்வீகம் லெகார்ன், அது இத்தாலில இருக்குற லிவோர்னோன்ற துறைமுக ஊரோட பேரு. நம்மளும் ஹார்பர் பக்கத்துக்காரங்க, அதுவும் ஹார்பர்காரி, கொஞ்சம் மரியாதை குடுங்க. தலைமுறை தலைமுறையா நல்லா வுடுறதையே பொறுக்கி எடுத்து வளத்ததுனாலதான் இவ்ளோ வுடுது, ஒவ்வொரு கோழியையும் புடிச்சு ஹார்மோன் ஊசி போடுறதுன்றது நடைமுறைக்கே ஒத்து வராத வேலை. ஆன்டிபயாடிக் பத்தி கவலைப்பட்டா அது நியாயமான கவலை, மருந்து குடுத்தா இத்தனை நாள் முட்டை விக்கக்கூடாதுன்னு கணக்கு இருக்கு, பண்ணை அதை ஒழுங்கா பாத்தாதான் உண்டு. கண்ணால பாத்து இதை கண்டுபுடிக்க முடியாது, நாட்டு முட்டைக்கும் இதேதான்.

சேவல் இல்லாமயே வுடுற முட்டை இது, அதனால இதுல குஞ்சு வராது. அதை வச்சு சைவமா அசைவமான்னு என்கிட்ட பஞ்சாயத்து வைக்காதீங்க. புரட்டாசி மாசம் கடைல ஈ ஓட்டுறேன், ஊருக்கு எது அசைவம்னு எனக்கு நல்லாவே தெரியும்.

வாத்து முட்டை வாங்கலாமா? கவுச்சி அடிக்குமே?

வாங்கலாம், ஆனா தெரிஞ்சு வாங்குங்க. எங்களுக்கு பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துல இருந்து வரும். நெல்லு அறுத்த வயல்ல நூத்துக்கணக்குல வாத்தை ஓட்டிகினு போவாங்க, சிந்தின நெல்லு, நத்தை, பூச்சி எல்லாத்தையும் துன்னுட்டு போகும். ராத்திரி பட்டில அடைச்சா விடியறதுக்குள்ள முட்டை வுட்டுடும், காலைல சேத்துல இருந்து பொறுக்கி எடுக்கணும். அந்த கவுச்சி வாசனை பாதி அந்த நத்தை மீன் தீனிலதான் வருது. கேரளாவுக்குதான் இது நெறைய போவுது, அங்க வாத்து முட்டை ரோஸ்ட்டுக்கு அப்டி ஒரு கிராக்கி.

சத்துன்னு பாத்தா மஞ்சக்கரு பெருசு, அதான் கொழுப்பும் கலோரியும் ஏறுது. பி12ல வாத்து ராஜா, 100 கிராமுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல, கோழில ஒரு மைக்ரோகிராமை தொடாது. நமக்கு ஒரு நாளைக்கு வேணும்னு சொல்றதே 2.2 மைக்ரோகிராம்தான், அப்போ ஒரு வாத்து முட்டைலயே அந்த கணக்கு தாண்டிடும். கை கால் மரத்து போவுது, பி12 கம்மின்னு டாக்டர் சொன்னவங்க, மாத்திரையோட சேத்து வாரத்துல ரெண்டு நாள் வாத்து முட்டை துன்னா நல்லது, மாத்திரையை வுட்டுட்டு இல்ல. ஆனா ஒரு வாத்து முட்டைல கொலஸ்ட்ரால் 600 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, கோழில 186. ஹார்ட் பிரச்னை இருக்குறவங்க இதை டாக்டர்கிட்ட கேக்காம தெனம் துன்னாதீங்க.

இன்னொன்னு, வாத்து முட்டைல ஆஃப்பாயில் வேணாம். சேத்துலயும் தண்ணிலயும் கெடக்குற முட்டை, சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. பன்னெண்டு பதினஞ்சு நிமிஷம் நல்லா வேக வைங்க. கேக் போடுறவங்க டிசம்பர்ல இதை தேடி வந்து வாங்குவாங்க, இதுல போட்டா கேக் நல்லா உப்பி வரும்னு பெரம்பூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வருஷம் தவறாம வருவாங்க.

வாத்து முட்டை குளிர்ச்சி, மூலத்துக்கு நல்லதுன்றாங்க. கோழி முட்டை சூடுன்றாங்க. எது கரெக்ட்?

முட்டை ஒடம்பு சூட்டை ஏத்துறதும் இல்ல எறக்குறதும் இல்ல. அக்னி நட்சத்திரத்துல முட்டை வேணாம்னு வியாபாரம் படுத்துடும், எனக்கு வயித்தெரிச்சல், அதான் சூடு. மூலத்துக்கு மொதல்ல வேண்டியது நார்ச்சத்தும் தண்ணியும், முட்டைல நார்ச்சத்தே இல்லன்னு மேலயே சொன்னேன். வாத்து முட்டை துன்னு சரியாச்சுன்னு சொல்றவங்களை கொஞ்சம் நோண்டி கேட்டா அதே நேரத்துல மிளகாயை கொறைச்சிருப்பாங்க, கீரை சேத்திருப்பாங்க. ரத்தம் போனா டாக்டரை பாருங்க, கடைக்கு வராதீங்க.

ஆயிரம் கோழிக்கு அரைக் காடைன்னு சொல்றாங்களே, காடை முட்டை அவ்ளோ விசேஷமா?

அந்த பழமொழியை காடை விக்கிற ஒவ்வொரு போர்டுலயும் பாக்குறேன். கணக்கு போடலாம். 100 கிராமுக்கு 100 கிராம் வச்சா காடை முட்டைல இரும்புச்சத்து கோழி முட்டையை போல ரெண்டு மடங்கு, பி12உம் கூட, அது நெஜம். கொலஸ்ட்ராலும் ரெண்டு மடங்குக்கு மேல, அதை போர்டுல போட மாட்டாங்க. நம்ம ஆளுங்க 100 கிராம் துன்றது இல்ல, புள்ளைக்கு ரெண்டு முட்டை வேக வச்சு குடுத்துட்டு சத்தான சாப்பாடு குடுத்துட்டோம்னு நெனைக்குறாங்க. ரெண்டு காடை முட்டைன்றது ரெண்டரை கிராம் புரோட்டீன், அரை கோழி முட்டை கூட இல்ல.

ஆனா ஒரு விஷயத்துல காடை முட்டை ஜெயிக்கும். சாப்பாடுன்னாலே ஓடுற சின்ன புள்ளைங்க இதை பாத்தா ஆசையா வரும், புள்ளி புள்ளியா இருக்குற அந்த ஓடு, ஒரே வாய்க்கு ஒன்னு. நாலு நிமிஷம் வேக வச்சு மிளகு உப்பு தூவி டப்பால போட்டா காலியாகி வரும். பண்ணைல வளக்குறது ஜப்பான் காடை, நம்ம மாதவரத்துல இருக்குற கால்நடை பல்கலைக்கழகத்துக்காரங்க நந்தனம் காடைன்னே ஒரு ரகம் கொண்டு வந்தாங்க. ஆஸ்துமா போகும், சுகர் போகும், ஆண்மை ஏறும்னு சொல்றதுக்கெல்லாம் என்கிட்ட பதில் கெடயாது, சிரிப்புதான் வருது.

புள்ளைக்கு கோழி முட்டை அலர்ஜி. காடை முட்டை குடுக்கலாமா?

வேணாம். இது ரொம்ப முக்கியம், அதான் தனியா போட்டேன். கோழி முட்டைல அலர்ஜி பண்ற அதே மாதிரி புரோட்டீன் காடைலயும் வாத்துலயும் இருக்கு, ஒன்னு ஒத்துக்கலன்னா இன்னொன்னும் ஒத்துக்காம போக நெறைய வாய்ப்பு. யாரோ சொன்னாங்கன்னு வீட்ல டெஸ்ட் பண்ணாதீங்க, அலர்ஜி டாக்டர் சொன்னா மட்டும் குடுங்க.

கருங்கோழி முட்டை கருப்பா இருக்குமா? கெடைக்குமா?

கருப்பா இருக்காது. கடக்நாத் கோழிக்கு தோலு, கறி, எலும்பு வரைக்கும் கருப்பு, முட்டை மட்டும் சாதா கிரீம் கலர்தான். மத்திய பிரதேசத்துல ஜாபுவா பக்கத்து கோழி, 2018ல அதோட கறிக்கு புவிசார் குறியீடு கெடச்சுச்சு. யாராச்சும் கன்னங்கரேல்னு முட்டையை காட்டினா அது பெயிண்ட்டு. நான் விக்கிறதில்ல, அந்த காசுக்கு உண்டான சத்து அதுல இருக்குன்னு என்னால ஒருத்தர் மூஞ்சியை பாத்து சொல்ல முடியல.

வான்கோழி, கினிக்கோழி, கூஸ் முட்டை?

வான்கோழி முட்டை 80 கிராம் பக்கம், புரோட்டீன் 11 கிராம் கிட்ட, நல்ல முட்டைதான், ஆனா வுடுறது கம்மி, வுட்டதையும் குஞ்சு பொரிக்க வச்சிடுவாங்க, அதனால விக்க வராது. கினிக்கோழி முட்டை சின்னது, ஓடு கல்லு மாதிரி, ஓரத்துல தட்டினா சட்டிதான் நசுங்கும். கூஸ் முட்டை ஒன்னே 140 கிராமுக்கு மேல, 20 கிராம் புரோட்டீன், 260 கலோரிக்கு மேல, ஒருத்தர் துன்ற முட்டை இல்ல அது, குடும்ப முட்டை.

ஜிம்முக்கு போறேன், மஞ்சக்கருவை தூக்கி போட்டுட்டு வெள்ளை மட்டும் சாப்டுறேன். சரியா?

இந்த கேள்வி கேக்குற தம்பிங்க மேல எனக்கு பாசம் உண்டு, ட்ரே கணக்குல வாங்குறாங்க. ஆனா தம்பி, வெள்ளைக்கருல மூணரை கிராம் புரோட்டீன், மஞ்சக்கருல ரெண்டே முக்கால். தூக்கி போடுறப்போ புரோட்டீன்லயே கிட்டத்தட்ட பாதி போவுது, கூடவே பி12, டி, ஏ, மூளைக்கு வேண்டிய கோலின் எல்லாம் போவுது, அதெல்லாம் மஞ்சள்லதான் இருக்கு. ஒரு நாளைக்கு ஆறு ஏழு முட்டை துன்றவரா இருந்தா ரெண்டு மூணு முழுசா, மீதி வெள்ளைன்னு வச்சிக்கோங்க.

கொலஸ்ட்ரால் பயத்துக்கு பதில் இது. ஒடம்புல ஓடுற கொலஸ்ட்ராலை பெரும்பாலும் நம்ம கல்லீரலே தயாரிக்குது, சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ராலை விட சாப்பாட்டுல இருக்குற கெட்ட கொழுப்புதான் அதை ஏத்தி வுடுது. அமெரிக்காக்காரங்க ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்தான்னு வச்சிருந்த அளவை 2015ல எடுத்துட்டாங்க. நல்லா இருக்குற ஆளுங்களுக்கு தெனம் ஒரு முழு முட்டைல பயம் இல்ல. சுகர் இருக்குறவங்களுக்கும் முட்டைல மாவுச்சத்து ஒரு கிராம் கூட இல்லன்றது நல்ல சேதி, ஆனா ஏற்கனவே ஹார்ட் பிரச்னை, கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னு மாத்திரை போடுறவங்க வாரத்துக்கு எத்தனைன்னு அவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

ஒரு நாளைக்கு எவ்ளோ புரோட்டீன் வேணும்னா, ஐசிஎம்ஆர்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இருக்கே, அவங்க கணக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். எட்டு முட்டை வேணுமான்னு ஓடி வராதீங்க, பருப்பு, மீனு, பாலு, சோறு எல்லாத்துலயும் வருது.

பாக்சர்ங்க பச்சை முட்டை குடிப்பாங்களாமே? அதான் பலமா?

ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய குத்துச்சண்டை பரம்பரை கதை கேட்டு வளந்தவங்க எல்லாம் இதை கேப்பாங்க. எங்க மாமனாரே சொல்லுவாரு, விடிகாலைல பீச் ஓரம் ஓடிட்டு வர்ற பசங்க நேரா கடைக்கு வந்து நாட்டு முட்டையை ஓட்டுல சின்னதா ஓட்டை போட்டு அண்ணாந்து உறிஞ்சிட்டு காலி முட்டை ஓட்டை அங்கயே வச்சிட்டு போவாங்களாம். கேக்க கெத்தா இருக்கு. ஆனா வேக வச்ச முட்டைல 90 சதவீதம் புரோட்டீன் ஒடம்புல ஒட்டும்னா பச்சை முட்டைல 50 சதவீதம்தான் ஒட்டுது, அதாவது ரெண்டு குடிச்சா ஒன்னு வேஸ்ட்டு. பச்சை வெள்ளைக்கருல அவிடின்னு ஒன்னு இருக்கு, அது பயோட்டின்ற வைட்டமினை புடிச்சி வச்சிகினு வுடாது, வேக வச்சா அதோட ஆட்டம் குளோஸ். கிருமி பயம் வேற. அந்த பசங்களுக்கு பலம் வந்தது ஓடினதுல.

எப்படி சமைச்சா சத்து போகாது?

வேக வைக்கிறதுதான் பெஸ்ட்டு, பத்து நிமிஷம் போதும். ரொம்ப நேரம் கொதிக்க வுட்டா மஞ்சக்கருவை சுத்தி பச்சை வளையம் வரும், அது வெள்ளைல இருக்குற கந்தகமும் மஞ்சள்ல இருக்குற இரும்பும் சேந்து வர்றது, துன்னா ஒன்னும் ஆகாது, பாக்கத்தான் அசிங்கம். ஆம்லெட்டு, கலக்கி எல்லாம் முட்டைக்கு கெடுதல் இல்ல, எண்ணெய்தான் கணக்கு, ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு 40 கலோரிக்கு மேல. தள்ளுவண்டில ஊத்துறது டீஸ்பூன் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.

என் ஓட்டு பேஜோவுக்கு. வெளியூர்காரங்களுக்கு தெரியாது. பர்மால இருந்து அறுபதுகள்ல திரும்பி வந்த நம்ம ஜனங்க வியாசர்பாடி, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோன்ற பர்மா நூடுல்ஸ் கடை போட்டாங்கல்ல, அங்க அத்தோவோட இதுவும் கெடைக்கும். வெந்த முட்டையை கத்தில நடுவுல கீறி, முழுசா ரெண்டா ஆவாம, வாய் தொறந்த மாதிரி புடிச்சிகினு, பொரிச்ச வெங்காயம் பூண்டை உள்ள திணிச்சு, மேல புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் ஒரு சொட்டு, உப்பு, மிளகாத்தூள், கொத்தமல்லி. அப்டியே வாயில போடணும், ரெண்டு கடியா கடிச்சா சட்டைல ஊத்திக்கும். வேக வச்ச முட்டைல இதை விட ருசியா எதுவும் நான் துன்னதில்ல.

ரத்தம் கம்மியா இருக்கு, முட்டை சாப்டா ஏறுமா?

முட்டையை மட்டும் நம்பாதீங்க. ஒரு கோழி முட்டைல இரும்பு ஒரு மில்லிகிராம் கூட முழுசா இல்ல, வயசு பொண்ணுங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. இருக்குற கொஞ்சத்தையும் மஞ்சக்கருல இருக்குற பாஸ்விட்டின்னு ஒரு புரோட்டீன் இறுக்கி புடிச்சிகினு இருக்கு, ஒடம்புல சரியா சேராது. முருங்கைக்கீரைல முட்டையை ஒடச்சி ஊத்தி பொரியல் பண்ணுங்க, எறக்கி வச்சதும் எலுமிச்சை புழிஞ்சு வுடுங்க, அந்த வைட்டமின் சி இரும்பு சேர்றதுக்கு ஒதவும். சாப்ட ஒடனே டீ வேணாம், ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க. டாக்டர் குடுத்த மாத்திரை மாத்திரைதான்.

கொழந்தைக்கு எப்போ ஆரம்பிக்கலாம்?

ஆறு மாசம் முடிஞ்சு திட உணவு ஆரம்பிக்கும்போதே, நல்லா வெந்த முட்டையை மசிச்சு கொஞ்சமா. அலர்ஜி வருமோன்னு வருஷக்கணக்குல தள்ளி போடுறது தப்புன்னுதான் இப்போ டாக்டருங்க சொல்றாங்க. குடும்பத்துல அலர்ஜி, கரப்பான்ற தோல் நோய் இருந்தா மட்டும் மொதல்ல கேட்டுட்டு குடுங்க. ஸ்கூல் போற புள்ளைங்களுக்கு சத்துணவுல வருது. 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சு 2010ல வாரத்துக்கு அஞ்சுன்னு ஆச்சு, முட்டை துன்னாத புள்ளைக்கு வாழைப்பழம். அது லேயர் முட்டைதான். இத்தனை வருஷமா ஒரு தலைமுறையே அதை துன்னு வளந்திருக்கு, என் வீட்டுக்காரர் உட்பட, இப்போ அவரு வாசல்ல நின்னுகினு நாட்டு முட்டைதான் சத்துன்னு வியாபாரம் பேசுறாரு.

பிளாஸ்டிக் முட்டை வருதாமே, வீடியோ பாத்தேன்.

நானும் பாத்தேன். பிளாஸ்டிக்கா உரிச்சு காட்டுறது ஓட்டுக்கு உள்ள இருக்குற ஜவ்வு, எல்லா முட்டைலயும் உண்டு. பழைய முட்டைல வெள்ளைக்கரு தண்ணியா ஓடும், அதுக்கும் பிளாஸ்டிக்னு பேர் வச்சிடுறாங்க. அப்டி ஒன்னு கெடயாதுன்னு மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம், எஃப்எஸ்எஸ்ஏஐயே சொல்லிடுச்சு. இந்த விலைக்கு ஒரு முட்டையை பிளாஸ்டிக்ல செய்ய முடிஞ்சா நான் மொதல்ல அந்த மெஷினை வாங்குவேன்.

கூமுட்டையை எப்டி கண்டுபுடிக்குறது? எத்தனை நாள் வச்சிக்கலாம்?

தண்ணில போடுங்க. படுத்தா புதுசு, நின்னா பழசு, மெதந்தா வேணாம். முட்டைக்குள்ள ஒரு காத்து அறை இருக்கு, நாளாக ஆக ஈரம் வெளிய போயி அது பெருசாகும், அதான் மெதக்குது. மெட்ராஸ் வெயில்ல வெளிய வச்சா ஒரு வாரத்துக்கு மேல நான் சொல்ல மாட்டேன், ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு வாரம் தாங்கும், கதவுல வைக்காம உள்ள வைங்க, கூர் பக்கம் கீழ. கழுவி வைக்காதீங்க, மேல இருக்குற மெல்லிசான பூச்சு போயிடும், சமைக்கும்போது கழுவுனா போதும்.

ஓட்டுல கண்ணுக்கு தெரியாம ஆயிரக்கணக்குல துளை இருக்கு, இதை நான் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நல்லா புரிஞ்சிகினேன். கடைக்குள்ள முழங்கால் வரைக்கும் சாக்கடை தண்ணி, கீழ் வரிசை பெட்டி எல்லாம் முழுகிடுச்சு. தண்ணி வடிஞ்சப்போ வெளில பாக்க ஒரு கீறல் இல்ல, தொடச்சா பளபளன்னு இருக்கு, பாதி விலைக்கு குடுங்கன்னு கேக்கவும் ஆள் வந்தாங்க. அந்த தண்ணில ஊறுன முட்டையை யாருக்கு விக்கிறது, மாமனார் கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் குழி வெட்டி கொட்டினோம். உங்க வீட்லயும் வெள்ளத்துல முழுகுன முட்டை இருந்தா அதேதான் பண்ணணும்.

நீங்க வீட்ல எந்த முட்டை சாப்டுவீங்க?

கீறல் வுட்டது. லோடு எறக்கும்போது ட்ரேக்கு ஒன்னு ரெண்டு கீறிடும், உள் ஜவ்வு கிழியாம ஒழுகாம இருக்குறதை மட்டும் தனியா எடுத்து வச்சு, அன்னிக்கு ராத்திரியே வெங்காயம் தக்காளி வதக்கி தொக்குல ஊத்தி நல்லா கெட்டியா வர்ற வரைக்கும் கிண்டிடுவேன். ஒழுகுனது குப்பைக்கு. கீறல் முட்டையை யாருக்கும் விக்கிறதில்ல, கேட்டாலும் தர மாட்டேன், ஏன்னா நீங்க அதை மூணு நாள் கழிச்சு ஆஃப்பாயில் போடுவீங்க.